மாஸ்டர் வீட்டுச் சுவரில் நீலக் கைகள்

டெய்லர் மாஸ்டர் பாத்ரூமில் விழுந்த செய்தியை அந்த வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மாஸ்டர், "சும்மா உட்கார்ந்தேன்" என்றார். அவர் மனைவி, "லேசா வழுக்கிடுச்சு" என்றார். வெளியூரில் இருந்த மகள் மட்டும்தான் இரண்டையும் போனில் கேட்டுவிட்டு, "அப்பா விழுந்துட்டார்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. லீவு போட்டுவிட்டு, தோளில் தன் துணிப்பையும் கையில் ஒரு பெரிய பெட்டியுமாக வந்து இறங்கினாள். பெட்டி காலியாக இருந்தது. அது எதற்கென்று மாஸ்டர் உடனே புரிந்துகொண்டார்.

இந்த மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாஸா ஃபெயிலா என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. அழுதாலும் சரி, சிரித்து மழுப்பினாலும் சரி, அவளிடம் பருப்பு வேகாது. அம்மா மட்டும் லேசுப்பட்டவரா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே காலம் கழித்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டெலிபோன் அம்மா. 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே, பேசுகிறவர் இப்போதுதான் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் மாஸ்டர் இத்தனை வருஷம் பொய் சொல்லிக் காலம் தள்ளியிருக்கிறார் என்றால் அவருடைய தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மகள் பெட்டியை ஹாலில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, ரெண்டே வழிதான். என் லீவு முடியறதுக்குள்ள இந்த வீட்டை உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். இல்லேன்னா ரெண்டு பேரும் என்கூட கிளம்பி வந்துடணும்."

"உன் வீடு எட்டாவது மாடிம்மா."

"லிஃப்ட் இருக்கு."

"தையல் மெஷினை எங்க வைக்கிறது?"

மகள் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். மெஷினுக்கு அங்கே இடமில்லை என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

அந்த வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல், அதை ஒட்டி மெஷின், நடுவில் வெட்டுகிற மேஜை, மூலையில் ஆளுயரக் கண்ணாடி. புதுத் துணி தைக்க இப்போது அதிகம் பேர் வருவதில்லை. ஆனால் ஜிப் பிய்ந்தவர்கள், கால் நீளம் குறைக்க வேண்டியவர்கள், போன வருஷத்துப் பேண்ட்டுக்கும் இந்த வருஷத்து வயிற்றுக்கும் சமாதானம் செய்து வைக்கச் சொல்கிறவர்கள் தினமும் வந்து ஜன்னலைத் தட்டுவார்கள். ஊர் வம்பெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். அந்த ஜன்னலை விட்டுவிட்டு எட்டாவது மாடியில் போய் மேகத்தோடு என்ன பேசுவது? மாஸ்டருக்கு அது உயிர் போகிற விஷயம். நான் மிகைப்படுத்தவில்லை.

வீட்டின் மேலும் குற்றம் இருந்தது. ஹாலிலிருந்து உள்ளே போகும் நடையில் ஒரு கட்டை, தடுக்குவதற்கென்றே வைத்ததுபோல. பாத்ரூமுக்கு ஒரு படி இறங்க வேண்டும். அதன் கதவு உள்பக்கமாகத் திறக்கும். வாசல் படிகளுக்குக் கைப்பிடியே கிடையாது. இளமையில் இந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு வயசாகும் என்ற யோசனையே இருந்ததில்லை போலிருக்கிறது.

மறுநாளே மகள் ஒரு ஃபிட்டரை வரவழைத்தாள். வயதானவர்கள் வீட்டில் கைப்பிடிக் கம்பி போடுவதுதான் அவர் தொழில். எதைச் சொன்னாலும் "பிரச்சினையே இல்ல" என்பார். சுவர் பழசு என்றால் பிரச்சினையே இல்ல, டைல்ஸ் உடையும் என்றால் பிரச்சினையே இல்ல. ட்ரில் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"சாதாரணமா நில்லுங்க மாஸ்டர். கையைத் தொங்க விடுங்க. மணிக்கட்டு எவ்வளவு உயரத்துல வருதுன்னு பாத்துக்கறேன்."

வாழ்நாள் முழுக்க அடுத்தவரை அளந்த மனிதர், தன்னை ஒருவர் அளக்க வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்தினார். கூன் விழுந்த முதுகைச் சுவரோடு ஒட்டினார். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, பட்டாளத்தில் சேரப் போகிறவர்போல நின்றார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தனக்கே ஒரு சலாம் போட வேண்டியதுதான் பாக்கி. டெலிபோன் அம்மா தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே பார்த்தார். தலையணை சரியில்லையாம்.

"எங்கெங்க பிடிச்சுக்குவீங்க?" என்று கேட்டார் ஃபிட்டர்.

"நான் எங்கயும் பிடிக்கிறதில்ல தம்பி. நல்லா உயரமா, பாக்க எங்க நல்லா இருக்குமோ அங்க போடுங்க."

"பிரச்சினையே இல்ல."

கம்பிகள் பளபளவென்று சுவரில் ஏறின. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மாஸ்டர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "சூப்பர், சூப்பர்" என்றார். எல்லாமே அவர் மார்பு உயரத்தில் இருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாது. குனிந்து நடக்கிறவருக்குக் கையைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டும். பாத்ரூம் கம்பியில் அவர் டவலை மாட்டினார். நடைக் கம்பியில் குடையை மாட்டினார். மகளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் புதுச் செருப்புகூடக் காலுக்குப் பழக நாளாகுமே என்று சும்மா இருந்தாள்.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் பாத்ரூமில் பெரிய சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கக் கம்பியை எட்டினார். கை டவலைத்தான் எட்டியது. டவல் அவரை நம்பி அவரோடு வந்தது. இரண்டு பேருமாகத் தண்ணீர் பக்கெட்டுக்குள் உட்கார்ந்தார்கள். உள்பக்கமாகத் திறக்கிற கதவு அவருடைய காலில் முட்டிக்கொண்டு நின்றது. டெலிபோன் அம்மா வெளியிலிருந்து, "ஏங்க! ஏங்க! பேசுங்க!" என்று கத்தினார். யார் யார் குரலையோ ஆயுசு முழுக்க இணைத்து வைத்தவருக்கு, அந்த ஒரு குரல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்வரை தட்டுவதை நிறுத்த முடியவில்லை.

"பக்கெட் உடைஞ்சுடுச்சு" என்று உள்ளேயிருந்து வந்தது.

மகள் தோளால் கதவைத் தள்ளி, இடுக்கு வழியாக நுழைந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் சிராய்ப்பு, மனசில் அதைவிடப் பெரிய சிராய்ப்பு. அவள் நேராகப் போய், காலிப் பெட்டியை ஹாலுக்கு நடுவில் இழுத்து வந்து திறந்து வைத்தாள்.

"ஃபெயில்" என்றாள்.

மாஸ்டர் உலர்ந்த சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார். மெஷினைத் தடவினார். அவருக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் தட்டல். பேண்ட் இடுப்பைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பேங்க் ஆபீசர். டேப் இடுப்பைச் சுற்றியதும் ஆபீசர் மூச்சை இழுத்துக்கொண்டு வயிற்றை உள்ளே ஒளித்தார். எல்லோரும் செய்கிற காரியம்தான். மாஸ்டர் வாயிலிருந்து வழக்கமான வசனம் தானாக வந்தது.

"மூச்சை விடுங்க சார். இந்தப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டு உட்காரப் போறது நீங்க. கண்ணாடியில தெரியறவர் இல்ல."

சொல்லி முடித்ததும் டேப் அப்படியே நின்றது. மாஸ்டர் தன் குரலைத் தானே கேட்டார். ஆபீசர் மூச்சை விட்டார், வயிறு வெளியே வந்தது, அளவு கிடைத்தது. மாஸ்டர் அவரை அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஃபிட்டர் மேல தப்பு இல்லம்மா. நான் பொய் அளவு குடுத்துட்டேன்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"டெஸ்ட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா ஓட்டுவாங்க. எனக்குத் தெரியாதா?"

"சரி, எனக்கு இன்னொரு டெஸ்ட் வை" என்று ஒற்றைக்காலில் நின்றார் மாஸ்டர். அந்த வயதில் பேச்சுக்குத்தான் ஒற்றைக்கால். இரண்டு காலையும் ஊன்றி, மேஜையையும் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பிடித்திருந்த கையை அவரே பார்த்தார். அப்போதுதான் யோசனை உதித்தது.

துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை எடுத்து, ஒரு டப்பா மூடியில் நொறுக்கிப் பொடியாக்கினார். "நாளைக்குக் காலையில இருந்து இதைக் கையில தேய்ச்சுக்கறேன். எப்பவும் போல வீட்டுக்குள்ள நடமாடறேன். எங்க பிடிக்கிறேனோ அங்க நீலம் ஒட்டும். எங்கிட்ட யாரும் எதுவும் கேக்க வேண்டாம், நான் எதுவும் சொல்ல வேண்டாம். நான் வாயைத் திறந்தாத்தான பொய் வருது?"

மகள் பொடியைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியை மூடவில்லை. ஆனால் ஓரமாக நகர்த்தினாள்.

மறுநாள் காலையில் மாஸ்டர் உள்ளங்கைகளில் பொடியைத் தேய்த்துக்கொண்டு தயாரானார். டெலிபோன் அம்மா அறையிலிருந்து இளமஞ்சள் சட்டையில் வெளியே வந்தார். அவர் ரிட்டயர் ஆன நாளுக்கென்று மாஸ்டரே பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்தது. வெளியே கிளம்பினால் தவிர அதை அவர் தொடுவதில்லை.

"எங்கயாவது போறியா?"

"எங்கயும் போகல. போடணும்னு தோணுச்சு."

முதல் ஒரு மணி நேரம் மாஸ்டர் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கோயில் சிலை மாதிரி நடந்தார். பழக்கத்தை எத்தனை நேரம் ஏமாற்ற முடியும்? ஒருவர் வந்து ஜிப் மாற்றச் சொன்னார், இன்னொருவர் வந்து தன் சம்பந்தியைத் திட்டினார். மாஸ்டருக்குப் பொடி மறந்துபோனது. கை கழுவும்போதெல்லாம் டெலிபோன் அம்மாதான் டப்பா மூடியை நீட்டினார், அவரும் பேச்சு சுவாரஸ்யத்தில் தேய்த்துக்கொண்டார். மதியத்துக்குள் டீ கெட்டில் நீலமானது. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைப் பேண்ட் பின்பக்கமும் நீலமானது. அதை அவரிடம் சொல்லாமல் துவைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஃபிட்டர் வந்தார். நான்கு பேருமாக வீட்டைச் சுற்றி வந்தார்கள்.

மாஸ்டர் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். எங்கேயும் பிடிக்காத மனிதர் வீடு முழுக்கப் பிடித்திருந்தார். நடையின் கதவு நிலையில் இடுப்பு உயரத்தில் கைமேல் கை. ஃப்ரிட்ஜ் மூலையில் கை. ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே கை. பாத்ரூமில் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போன விரல்கள். கை கழுவும் தொட்டியின் விளிம்பில் முழு நீலம். ஃபிட்டர் அந்தத் தொட்டியை லேசாகப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. அவர் போட்ட கம்பிகளோ எல்லா அடையாளத்துக்கும் மேலே, ஒரு துளி நீலம் படாமல், மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு கீழயா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார் மாஸ்டர். "நான் இவ்வளவு குனிஞ்சுட்டேனா?"

"கை பொய் சொல்லல மாஸ்டர்" என்றார் ஃபிட்டர், நல்லவிதமாக.

படுக்கையறைக்கு வந்தார்கள். கட்டிலைச் சுற்றிச் சுவரில் ஒன்றுமே இல்லை. கட்டில் சட்டத்திலும் இல்லை. முன்னறையில் அவர் உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்திலும் அப்படித்தான்.

"மாஸ்டர், மதியம் படுத்தீங்கல்ல? எதைப் பிடிச்சு எழுந்தீங்க?"

"நானாத்தான் எழுந்தேன்" என்றார் மாஸ்டர். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் வந்ததும் தோளில் போட்டுக்கொண்ட துண்டை டெலிபோன் அம்மா எடுத்துவிட்டு, மெல்லத் திரும்பி நின்றார்.

வலது தோளில் நீலம். ஒரு கை இல்லை, இரண்டு கை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, இளமஞ்சள் தெரியாத அளவுக்கு நீலம். முன்னால் நான்கு விரல், பின்னால் கட்டைவிரல். அழுத்தி ஊன்றிய இடத்தில் துணி கசங்கியிருந்தது. ஃபிட்டருக்கு வாய்வரை வந்த "பிரச்சினையே இல்ல" அங்கேயே நின்றுவிட்டது.

மாஸ்டர் நீலத்தைப் பார்க்கவில்லை. டெய்லர் கண் வேறொன்றைப் பார்த்தது. அந்தச் சட்டையின் இரண்டு தோளையும் அவர் சமமாக வைத்துத் தைத்திருந்தார். இப்போது வலது தோள் தையல் கையின் பக்கமாக நழுவி இறங்கியிருந்தது. சட்டை மாறவில்லை. தோள்தான் இறங்கியிருந்தது.

"எப்பத்துல இருந்து வலிக்குது?"

"வலிக்குதுன்னு யாரு சொன்னா?"

"தையல் சொல்லுது."

டெலிபோன் அம்மாவின் கை தானாக அந்தத் தோளுக்குப் போனது.

"தலையணை சரியில்லன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டியே, அது இதுக்குத்தானா? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பிடிக்க மாட்டீங்க. பிடிக்காம எழுந்து விழுவீங்க." டெலிபோன் அம்மா திரும்பினார். "சொல்லவும் முடியல, தாங்கவும் முடியல. அதான் இன்னிக்கு இந்தச் சட்டையைப் போட்டேன். நான் சொல்ல வேண்டியதை அது சொல்லட்டும்னு."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. பிறர் எதிரே அழுவது அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் அடக்கவில்லை. தன் வீட்டில் யாரையும் அண்டாமல் வாழ்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவருக்கு, இத்தனை நாளும் தன் முழு எடையையும் யார்மேல் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நீலக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமும் நீலமானது. மகளுக்கும் கண் கலங்கியது, அதே சமயம் சிரிப்பும் வந்தது. அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"தம்பி" என்றார் மாஸ்டர். "டேப்பை எடுங்க. இப்ப அளங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சை விட்டார். முதுகு வளைந்தது, தோள் முன்னால் வந்தது, நிமிர்த்தி வைத்திருந்ததெல்லாம் இறங்கித் தன் இடத்தில் நின்றது. கண்ணாடியில் தெரிகிறவர் இல்லை, நிஜமான ஆள். ஃபிட்டர் மெதுவாக அளந்தார். எழச் சொல்லி ஒரு தடவை, உட்காரச் சொல்லி ஒரு தடவை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. நீலம் இருந்த இடத்திலெல்லாம் கம்பி வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு கம்பம் நின்றது. பாத்ரூம் கதவைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். குளிக்கும் இடத்தில் உட்காரப் பலகை, ஆடுகிற தொட்டிக்கு அடியில் தாங்கல். நடையில் இருந்த கட்டையை இழைத்துத் தரையோடு சேர்த்தார்கள். தையல் நாற்காலியின் கால்களுக்கு அடியில் மரத் துண்டுகள் வைத்து உயர்த்தினார்கள். வாசல் படிகளின் விளிம்பில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒட்டியதும் மாஸ்டருக்கு ஏக சந்தோஷம். "காலருக்குப் பைப்பிங் வெச்ச மாதிரி எடுப்பா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். முதலில் போட்ட உயரமான கம்பிகளை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டவலும் குடையும் எங்கே போகும்?

லீவு முடிகிற நேரத்தில் மகள் இரண்டாவது டெஸ்ட் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, வேலையில் இருக்கும்போது வைத்துக்கொள்கிற அந்தக் கல் முகத்தோடு பின்னாலேயே வந்தாள். கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல் படி இறங்கித் தெரு. மாஸ்டர் தெருவில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பேங்க் ஆபீசர் அந்தப் பக்கமாகப் போனவர், "என்ன மாஸ்டர், ஊருக்கா?" என்று கேட்டார்.

"பரீட்சை எழுதிட்டு இருக்கேன் சார். பேச்சு குடுக்காதீங்க."

மகள் அவரை நிற்க வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசிப்பதுபோலப் பாவனை செய்தாள்.

"பாஸ்" என்றாள். உடனே வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அவசரப்படறீங்க. இன்னும் மெதுவா."

அவள் கொண்டுவந்த பெட்டி திரும்பும்போது நிறைந்திருந்தது. அதில் இருந்தவை அவளுடைய துணிகள்தான். வந்த நாளிலிருந்து அப்பா அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, கை நீளம் குறைத்து, இடுப்புப் பிடித்து, புதுசாகத் தைத்த சிலவற்றையும் சேர்த்து அடுக்கிக் கொடுத்திருந்தார்.

அவள் கிளம்பிப் போன மறுநாள் காலை. மாஸ்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். டெலிபோன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, பழக்க தோஷத்தில் வலது தோளைக் கொடுத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். மாஸ்டர் கம்பத்தைப் பிடித்தார். ஒரு மூச்சு வாங்கி எழுந்தார். நேராக நின்ற பிறகு, கையை எடுத்து அந்தத் தோள்மேல் வைத்தார். துணி வைத்தது மாதிரி, எடையே இல்லாமல்.

"என்ன, கம்பம் ஆடுதா?"

"இல்ல, நல்லாத்தான் நிக்குது."

"அப்புறம் எதுக்கு இங்க கை?"

"சும்மாதான்."

டெலிபோன் அம்மா தோளை விலக்கவில்லை. பிறகு மாஸ்டர் அவரை முன்னறைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். மஞ்சள் சட்டையைப் பிரித்துத் தோளைத் திருத்தித் தைக்கப் போகிறாராம். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். டேப் முதுகில் பட்டதும் டெலிபோன் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். இறங்கியிருந்த வலது தோள் மேலே ஏறி, இடது தோளுக்குச் சமமாக நின்றது.

"மூச்சை விடும்மா" என்றார் மாஸ்டர்.

தோள் இறங்கி அதன் இடத்துக்கு வரும்வரை காத்திருந்தார். பிறகுதான் அளந்தார்.